பெரியவருக்கு ஒரு குளிர்ந்த மூலை

பெரியவரைக் காணோம்.

கண்ணாடித் தொட்டியின் மூடி மூடியபடியே இருந்தது. மூடிக்கு மேல் பாரமாக வைத்த அகராதியும் அசையவில்லை. தண்ணீர்க் கிண்ணம், ஈரப் பாசி, ஏறி விளையாட வைத்திருந்த மரக்கிளை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பெரியவர் மட்டும் இல்லை.

முட்டைக்கண்ணி பல் துலக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டாள். நுரை முகவாயில் வழிந்தது. அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

முட்டைக்கண்ணி என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். எதைக் கண்டாலும் அவள் கண்கள் இரண்டும் அவித்த முட்டை போலப் பெரிதாகிவிடும். மழை வந்தாலும் அப்படித்தான், தபால்காரர் வந்தாலும் அப்படித்தான். அவள் தம்பிக்குக் குண்டூசி என்று பெயர். ஆள் ஒல்லி. பேசினால் குத்தும்.

"நீதானே எடுத்தே?" என்றாள் அவனிடம், நுரையோடு.

"நான் எதுக்கு எடுக்கறேன்? அவரு என்ன மிட்டாயா?"

பெரியவர் ஒரு நண்டு. சங்கைச் சுமந்துகொண்டு திரியும் நண்டு. துறவி நண்டு என்று புத்தகத்தில் போட்டிருந்தது. துறவி என்பதெல்லாம் பெயரில்தான், வீட்டு ஆசை மட்டும் விட்டபாடில்லை. எந்தச் சங்கைக் கண்டாலும் உள்ளே எட்டிப் பார்ப்பார். காலை விட்டு அளவெடுப்பார். பெருமூச்சு விடாத குறையாக நகர்ந்து போவார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பேருந்தைத் தேடும் முதியவர் மாதிரி நடப்பதால், வகுப்பில் எல்லோருக்கும் அவர் பெரியவர். டீச்சரே "அவர் சாப்பிட்டாரா?" என்றுதான் கேட்பார்.

ஆமாம், அவர் முட்டைக்கண்ணிக்கு மட்டும் சொந்தமில்லை. வகுப்புக்கே சொந்தம். குளிர்கால விடுமுறையில் பள்ளிக்கூடத்தைச் சூடாக்கும் கொதிகலனை நிறுத்திவிடுவார்கள். வகுப்பறை ஐஸ் பெட்டியாகிவிடும். "யார் இவரை வீட்டுக்கு..." என்று டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் முட்டைக்கண்ணியின் கை மேலே போயிருந்தது.

"காத்து கதகதப்பா இருக்கணும், ஈரமாவும் இருக்கணும்," என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். "காத்து காஞ்சா அவருக்கு மூச்சு முட்டும். மூடியைத் திறந்து போட்டுடாதே."

திறந்து போடவில்லையே. பிறகு எங்கே போனார்?

அந்த நேரம் அம்மா உள்ளே வந்தாள். ரொட்டிக் கடையில் அவளுக்கு விடியற்காலை வேலை. ஊர் சோம்பல் முறிக்கும் நேரத்தில் அவள் வேலை முடிந்து வீடு திரும்பிவிடுவாள். கம்பளிச் சட்டையில் மாவும், கையில் ஒரு ரொட்டிப் பையும் இருந்தன.

"பெரியவர் ஓடிட்டாரும்மா," என்றான் குண்டூசி. "அக்கா அழப் போறா."

அம்மா குனிந்து தொட்டியைப் பார்த்தாள். "அந்த முட்டைக்கண்ணைக் கொஞ்சம் மண்ணுப் பக்கம் திருப்புடி. அங்க பாரு."

மணலில் ஒரு சின்னக் குழி. பக்கத்தில் தோண்டிப் போட்ட மண் குவியல்.

"உள்ள போயிட்டாரு," என்றாள் அம்மா. "சட்டை மாத்தப் போறாரோ என்னவோ. உங்க டீச்சர் சொன்னாங்களே."

அப்போதுதான் முட்டைக்கண்ணிக்கு மூச்சு வந்தது. டீச்சர் சொல்லித்தான் இருந்தார். நண்டு வளர வளர அதன் ஓட்டுத்தோல் இறுகிவிடும். மணலுக்குள் போய்ப் பழைய தோலைக் கழற்றிப் போடும். புதுத்தோல் இறுகும் வரை உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அந்தச் சமயத்தில் தோண்டி எடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் தொட்டியில் அத்தனை ஆழத்துக்கு மணல்.

"எல்லாம் என் கைராசி," என்று அம்மா தொட்டியைத் தட்டிக்கொடுத்தாள். "கதகதன்னு இருந்தா யாருக்குத்தான் தூக்கம் வராது?"

கதகதப்பு அம்மாவின் ஏற்பாடு. பெரியவர் வந்த முதல் நாளே வெப்பமானியின் முள் சரசரவென்று கீழே இறங்கிவிட்டது. பெரியவர் சங்குக்குள் சுருண்டு, கொடுக்கால் கதவை அடைத்துக்கொண்டார். அப்பாவைக் கேட்டார்கள். அவர் குளிர்பெட்டி பழுது பார்ப்பவர்.

"குளிர வைக்கணும்னா சொல்லு, இப்பவே செஞ்சு தரேன்," என்றார் அப்பா. "சூடு உங்கம்மா இலாகா."

மறுநாள் அம்மா ரொட்டிக் கடையில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு மின்விரிப்பைக் கொண்டுவந்தாள். குளிர்நாளில் பிசைந்த மாவு உப்ப வேண்டும் என்பதற்காக, பாத்திரத்துக்கு அடியில் விரிப்பது அது. மேசை மேல் தொட்டிக்கு அடியில் விரித்து, பொத்தானை அழுத்தினாள். "அடியில சூடு வச்சாத்தான் மேல வரைக்கும் ஏறும். மாவுக்கும் அதான், மனுஷனுக்கும் அதான், நண்டுக்கும் அதான்."

முள் மெல்ல மெல்ல ஏறி, டீச்சர் பச்சை மையால் கோடு போட்டிருந்த இடத்தில் நின்றது. பெரியவர் ஒவ்வொரு காலாக வெளியே வந்தார். வீடே கைதட்டியது.

இப்போதும் முள் பச்சைக் கோட்டில்தான் நின்றது. முட்டைக்கண்ணி போய் வாய் கொப்பளித்தாள்.

*

அம்மா கொண்டுவரும் ரொட்டி விற்கிற ரொட்டி இல்லை. விற்க முடியாத ரொட்டி. அந்த வாரம் கடை அடுப்பின் அடியில் சூடேற்றும் கம்பி மக்கர் செய்துகொண்டிருந்தது. மேலே பார்த்தால் பொன்னிறத்தில், தலையணை போலப் புசுபுசுவென்று இருக்கும். திருப்பினால் அடி முழுக்கக் கரி. அப்படிப்பட்டதை வேலை செய்பவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். கரியை அறுத்து எடுப்பது முட்டைக்கண்ணியின் வேலை.

அவள் ரொட்டியைக் கவிழ்த்து வைத்துக் கத்தியை ஓட்டினாள்.

"மேல ராஜா, கீழ கூஜா," என்றான் குண்டூசி, வெண்ணெய்க் கிண்ணத்தில் விரலை விட்டபடி. "மேல மட்டும் பாத்தா யாருக்கும் தெரியாது இல்லக்கா?"

கத்தி பாதியில் நின்றது.

மேலே மட்டும் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

வெப்பமானி தொட்டியில் எங்கே ஒட்டியிருந்தது? மேலே. மணலுக்கு மேலே, கண்ணாடியில். பெரியவர் எங்கே இருந்தார்? கீழே.

முட்டைக்கண்ணியின் கண்கள் எப்போதும் பெரிதாகும் அளவைத் தாண்டிப் பெரிதாயின. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். அகராதியை இறக்கினாள். மூடியைக் கொஞ்சமாக விலக்கி, குழிக்கு எட்ட இருந்த இடத்தில் ஆள்காட்டி விரலை மணலுக்குள் மெதுவாகச் செருகினாள்.

மேல் மணல் இதமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே சூடு. இன்னும் உள்ளே போனதும் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். விரல் நுனி சிவந்திருந்தது.

"அம்மா."

அவள் கத்தவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டு அம்மா கையில் இருந்த தேநீரோடு ஓடிவந்தாள். பாதித் தேநீர் வழியிலேயே சிந்திவிட்டது. சவரம் செய்துகொண்டிருந்த அப்பா ஒரு பக்கக் கன்னத்தில் சோப்போடு வந்தார்.

"அடியில சுடுதும்மா. தொட முடியல."

"சுடாது. மெதுவான சூடுதானே வச்சேன்." அம்மாவும் விரலை விட்டுப் பார்த்தாள். அவள் அடுப்புக்குப் பழகிய கைக்காரி. சுடச்சுட இருக்கும் தட்டையே சும்மா தூக்குவாள். அவள் முகமும் மாறியது. "ஐயோ. மணல் சூட்டைப் பிடிச்சு வச்சுக்கிட்டிருக்கு."

"சுட்டா வெளிய வந்திருப்பாரே," என்றார் அப்பா.

முட்டைக்கண்ணி யோசித்தாள். சூடாக இருந்தால் தான் என்ன செய்வாள்? போர்வையை உதறிவிட்டு வெளியே வருவாள். ஆனால் பெரியவர் கடற்கரைக்காரர். கடற்கரையில் வெயில் மேலே இருந்து வரும். தோண்டத் தோண்ட மணல் குளிரும். சூடு தாங்கவில்லை என்றால் அவர் போகும் திசை...

"கீழதான் போவாரு," என்றாள். "சூடா இருக்கேன்னு கீழ போவாரு. கீழ போனா இன்னும் சூடு. இன்னும் கீழ போவாரு. அவரு தப்பிச்சு ஓடற பக்கத்துலயே நாம சூட்டை வச்சுட்டோம்மா."

அப்பாவின் கன்னத்து சோப்பு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

"மாவுக்கு இப்படித்தானே வைப்போம்," என்றாள் அம்மா, தனக்குத்தானே சொல்வது போல.

"மாவுக்குக் கால் இல்லம்மா," என்றாள் முட்டைக்கண்ணி.

*

அப்பா பாய்ந்து போய் மின்விரிப்பின் இணைப்பைப் பிடுங்கினார். குண்டூசி சமையலறையில் இருந்து பெரிய கரண்டியோடு வந்தான்.

"தள்ளு, நான் தோண்டி எடுக்கறேன்."

"தொடாதே." முட்டைக்கண்ணி இரண்டு கைகளையும் விரித்துத் தொட்டிக்கு முன்னால் நின்றாள். "அவரு சட்டை மாத்திக்கிட்டிருந்தா? கரண்டி பட்டா அவ்வளவுதான்."

"தோண்டலன்னா உள்ளேயே வெந்துடுவாரே."

தோண்டினாலும் ஆபத்து, தோண்டாவிட்டாலும் ஆபத்து. அவரை எடுக்க முடியாது. சூட்டை எடுக்கலாமே?

"தொட்டியை ஆடாம அசையாம கொஞ்சமா தூக்கணும்," என்றாள். "அப்பா அந்தப் பக்கம், அம்மா இந்தப் பக்கம். குண்டூசி, நீ குனிஞ்சு விரிப்பை இழு. உன் கைதான் அந்தச் சந்துல நுழையும்."

தன் ஒல்லிக்கு முதல்முறையாக ஒரு மதிப்பு வந்ததில் குண்டூசி கரண்டியைத் தூர எறிந்தான். மேசை விளிம்பில் தலையைச் சாய்த்துக் கையைத் தயாராக வைத்துக்கொண்டான். அப்பாவும் அம்மாவும் மூச்சைப் பிடித்துத் தொட்டியைத் தூக்கினார்கள். மணல் ஒரு பொடிகூட நகரவில்லை. விரிப்பு வெளியே வந்தது.

விரிப்பு இருந்த இடத்தில் மேசை பழுப்பேறிப் போயிருந்தது. மர எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்த அம்மாவின் ஆசை மேசை, அடிபிடித்த பாத்திரம் போல இருந்தது.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா வீட்டுக்கே சட்டை மாத்தியிருக்கணும்," என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"அக்கா." கீழே இருந்து குண்டூசியின் குரல் வந்தது. அவன் குரலில் குத்தல் இல்லை. "அடிக் கண்ணாடி வழியா ஒண்ணு தெரியுது. கொடுக்கு மாதிரி."

"எங்க?"

"ஓரத்துல. மூலையில."

"அசையுதா?"

குண்டூசி வெகுநேரம் பார்த்தான். அப்பாவின் கைகள் நடுங்கத் தொடங்கின.

"இல்ல," என்றான்.

தொட்டியை மெல்ல இறக்கினார்கள். முட்டைக்கண்ணி மேசையின் பழுப்பு அடையாளத்தையும் குண்டூசி சொன்ன மூலையையும் மாறி மாறிப் பார்த்தாள். விரிப்பு தொட்டியைவிடச் சிறியது. பழுப்பு அந்த மூலை வரை வரவில்லை. அந்த ஒரு மூலையில் மட்டும் சூடு குறைவு. பெரியவர் தேடித் தேடி அங்கே போயிருந்தார்.

சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

*

விரிப்பை எடுத்ததும் அடுத்த கவலை ஆரம்பித்தது. முள் பச்சைக் கோட்டில் இருந்து கீழே நழுவத் தொடங்கியது.

"மேல ஒரு விளக்கு மாட்டலாமா?" என்றாள் அம்மா. சூட்டைப் பற்றி அம்மா கேள்வி கேட்டது அன்றுதான் முதல்முறை.

"விளக்கு காத்தைக் காய வச்சிடும்மா. அவருக்கு மூச்சு முட்டும்." முட்டைக்கண்ணி தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "அடியில கூடாது. மேலயும் கூடாது. பக்கத்துல வைப்போம். பின்பக்கக் கண்ணாடியில, மணலுக்கு மேல. வேணும்னா கிட்ட வருவாரு. வேணாம்னா எதிர்ப் பக்கம் போவாரு. அதுவும் போதலன்னா கீழ போவாரு. கீழ ஜில்லுனு இருக்கும். ஓடறதுக்கு அவருக்கு ஒரு இடம் விடணும்."

அப்பா மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மீதிக் கன்னத்தைச் சவரம் செய்யாமலே சட்டையை மாட்டிக்கொண்டார். "இந்த மாதிரித் தொட்டிக்குன்னே மெல்லிசா ஒரு சூட்டுத் தகடு விக்கறாங்க. வேலை முடிஞ்சு வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் சமாளிப்பியா?"

சமாளித்தாள். போத்தல்களில் வெதுவெதுப்பான நீரை நிரப்பிப் பின்பக்கக் கண்ணாடியை ஒட்டி வரிசையாக நிறுத்தினாள். மற்ற மூன்று பக்கமும் பழைய கம்பளியைச் சுற்றினாள். போத்தல் ஆற ஆற, குண்டூசி எடுத்துப் போவான், அம்மா நிரப்பிக் கொடுப்பாள். வேலை முடிந்து வந்ததும் தூங்கும் வழக்கம் அம்மாவுக்கு. அன்று அவள் தூங்கவில்லை. "தூக்கம் வரல" என்று மட்டும் சொன்னாள்.

மாலையில் அப்பா தகட்டோடு வந்தார். கூடவே தன் பெட்டியில் இருந்து ஒரு கருவியை எடுத்தார். நுனியில் சிறு மூக்கு வைத்த ஒரு கம்பி அதில் இருந்து நீண்டது.

"இந்த மூக்கை உள்ள தொங்க விட்டா சூடு எவ்வளவுன்னு மோந்துக்கிட்டே இருக்கும். பச்சைக் கோட்டுக்கு மேல போனா தானா நிறுத்திடும். குறைஞ்சா தானா போட்டுடும். குளிர்பெட்டிக்குப் போடறதுதான். இது ரெண்டுக்கும் ஆகும்."

"அப்போ சூடும் உன் இலாகாதான்," என்றாள் அம்மா.

தகட்டைப் பின்பக்கக் கண்ணாடியின் வெளியே, மணல் மட்டத்துக்கு மேலே ஒட்டினார்கள். போத்தல்களை எடுத்துவிட்டு, கம்பளியின் ஓரம் அந்தப் பக்கம் வராமல் ஒதுக்கிவிட்டார் அப்பா. சூட்டுத் தகட்டின் மேல் துணி படக் கூடாது. மின்கம்பியைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே கொண்டுபோனார்.

"இது எதுக்குப்பா, ஊஞ்சலா?" என்றான் குண்டூசி.

"தொட்டியில இருந்து தண்ணி கம்பி வழியா வழிஞ்சா, இந்த வளைவுலயே சொட்டிடும். மின்சாரம் இருக்கற பக்கம் போகாது."

முட்டைக்கண்ணி பாசியின் மேல் தண்ணீர் தெளித்தாள். கடைசியாக, கழுவிக் காயவைத்த மூன்று பெரிய சங்குகளை மணல் மேல் வைத்தாள். ஒன்றின் விளிம்பு நீலமாக இருந்தது. வெளியே வந்தால் பெரியவருக்குப் புது வீடு தேவைப்படும்.

வந்தால்.

*

விடுமுறை முடிந்தது. பெரியவர் வரவில்லை.

உள்ளே இருப்பவரோடு தொட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. முட்டைக்கண்ணி வெறுங்கையோடு பள்ளிக்குப் போனாள். வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் நின்று நடந்ததைச் சொன்னாள். விரிப்பையும் சொன்னாள், சிவந்த விரலையும் சொன்னாள், அசையாத கொடுக்கையும் சொன்னாள். அன்று அங்கே எல்லோருக்குமே முட்டைக்கண்.

"இப்போ உயிரோட இருக்காரா?" என்று கடைசிப் பெஞ்சில் இருந்து ஒருவன் கேட்டான்.

"தெரியல."

"தோண்டிப் பாத்தா தெரிஞ்சிடுமே."

"உயிரோட இருந்தா, தோண்டினதாலேயே செத்துடுவாரு," என்றாள் அவள். "அதனால தெரியாமலே இருக்கேன்."

டீச்சர் அவள் தோளில் கை வைத்தார்.

தெரியாமல் இருப்பது சும்மா இருப்பது போல இல்லை. தினமும் பாசிக்குத் தண்ணீர் தெளித்தாள். முள்ளைப் பார்த்தாள். தினமும் வகுப்பில் "வந்தாரா?" என்று கேட்டார்கள். தினமும் "இல்ல" என்றாள். சில நாட்களில் தான் வெறும் மணலுக்குக் காவல் இருக்கிறோமோ என்று தோன்றும். அப்போதும் தண்ணீர் தெளிப்பாள்.

வாசலில் உறைபனி உருகிச் சொட்டத் தொடங்கியிருந்த ஒரு காலையில், குண்டூசி அவளைப் பிடித்து உலுக்கினான்.

"அக்கா, எழுந்திரு. சங்கு."

மணலின் நடுவே பெரியவரின் பழைய சங்கு கிடந்தது. ஓரம் உடைந்த, பழுப்பு நிறச் சங்கு. அதன் வாய் அவர்களைப் பார்த்துத் திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.

சங்கு இல்லாத நண்டு உயிரோடு இருக்காது. அது முட்டைக்கண்ணிக்குத் தெரியும். அவள் கண்கள் பெரிதாகவில்லை. இறுக மூடிக்கொண்டன.

"அக்கா," என்றான் குண்டூசி, மிக மெதுவாக. "நீ வச்சது மூணு சங்குதானே?"

"ம்."

"இப்போ ரெண்டுதான் இருக்கு. நீல விளிம்பைக் காணோம்."

கண்ணைத் திறந்தாள். மரக்கிளைக்குப் பின்னால் இருந்து நீல விளிம்பு மெல்ல நகர்ந்து வந்தது. அதற்குக் கீழே புதுத்தோல் பளபளக்கும் கால்கள். முன்னைவிடப் பெரிய கொடுக்கு. காம்புகளின் நுனியில் இரண்டு கரிய கண்கள், வெளியே துருத்திக்கொண்டு, அவளையே பார்த்தன.

"உன்னை மாதிரியே முழிக்கறாரு," என்றான் குண்டூசி.

முட்டைக்கண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சத்தம் கேட்டு அப்பா ஓடிவந்தார். அப்போதுதான் வேலையில் இருந்து திரும்பிய அம்மா, ரொட்டிப் பையைக்கூடக் கீழே வைக்காமல் வந்து நின்றாள்.

பெரியவர் பின்பக்கக் கண்ணாடியை ஒட்டிப் போனார். தகட்டின் சூட்டில் கொஞ்ச நேரம் நின்றார். அம்மா மூச்சே விடவில்லை. பெரியவர் கொடுக்கை ஒருமுறை ஆட்டினார். பிறகு, இந்த அளவு போதும் என்பது போலத் திரும்பி, புது வீட்டைச் சுமந்துகொண்டு, குளிர்ந்த மூலையைப் பார்த்து நிதானமாக நடந்தார்.

அம்மா பையில் இருந்த ரொட்டியை எடுத்துக் கவிழ்த்து, முதலில் அடியைப் பார்த்தாள்.